கையெழுத்துக்கு முன் கமிஷன் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 2021-இல் பணிக்கொடை கைக்கு வந்தபோது, நெடுங்காலமாக நான் கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளையில் ஒருவர் என்னை உட்காரவைத்து, நிரந்தர வைப்பைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று கூறி இரண்டு லட்ச ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கினார். அது வைப்பு அன்று, பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் அதே தொகையைக் கட்ட வேண்டிய காப்பீட்டு பாலிசி என்பதை, மறு ஆண்டு தவணைக் கடிதம் வந்த பிறகே அறிந்தேன். பாலிசியைத் திருப்பிக் கொடுப்பதற்கான அவகாசம் எப்போதோ முடிந்திருந்தது. அவருடைய மேசைமேல் ‘நிதி ஆலோசகர்’ என்ற பெயர்ப்பலகை இருந்தது.

அந்தச் சொல்லைப் பற்றியே எழுதுகிறேன். முதலீட்டு ஆலோசகர்களுக்கென 2013-இல், பங்குச் சந்தையையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் ஆணையமான செபி விதிமுறைகளை வகுத்தது. 2020-இல் அவற்றைத் திருத்தி, ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் கூறி, கமிஷன் பெற்று விற்பனையும் செய்யக் கூடாது என்றது. முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்யாமல், மியூச்சுவல் ஃபண்டுகளை விற்றுக் கமிஷன் பெறும் விநியோகஸ்தர்கள் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளவும் தடை விதித்தது. காப்பீடு வேறோர் ஆணையத்தின் கீழ் வருவதால், அங்கே விற்பனை முகவர்கள் இன்றும் அப்பெயரோடே வருகிறார்கள். எந்த ஆணையம் எதைக் கவனிக்கிறது என்பது எதிரில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு எப்படித் தெரியும்?

கமிஷனையே ஒழித்துவிட வேண்டும் என்போர் உண்டு. பிரிட்டனில் 2012 இறுதியில் முதலீட்டு ஆலோசனைக்கு அவ்வாறு செய்தார்கள். சிறு சேமிப்பாளர்களுக்கு ஆலோசனை எட்டாமற்போனது என்ற விவாதம் அதன்பின் அங்கே எழுந்தது. நம் நாட்டில் கட்டணம் மட்டும் பெறும் பதிவுபெற்ற ஆலோசகர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரே. அவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் சேமிப்பவர் ஆலோசனைக்கெனத் தனியாகப் பணம் எடுத்துவைக்க மாட்டார். வீட்டுக்கே வந்து படிவம் நிரப்பித் தரும் உள்ளூர் விநியோகஸ்தரால்தான் பலர் அஞ்சலகத்துக்கு அப்பால் சேமிக்கவே கற்றார்கள். ஆகவே கமிஷன் பெறுவதை நான் குறை கூறவில்லை. அதை மறைத்துக்கொண்டு நலம்விரும்பியாகப் பேசுவதே குறை.

மியூச்சுவல் ஃபண்டில், விநியோகஸ்தருக்குச் சென்ற கமிஷனை அரையாண்டுக் கணக்கு அறிக்கையில் ரூபாய்க் கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதி 2016 முதல் உள்ளது. பணம் போட்ட பிறகு வரும் அந்த எண்ணை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பத்து லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்றாலும் 10,000 ரூபாய் ஆகிறது. “இதை விற்றால் எனக்கு இவ்வளவு கிடைக்கும்” என்ற ஒரு வரி, தமிழில், கையெழுத்திடும் இடத்துக்கு நேர் மேலே அச்சிடப்பட்டிருந்தால், நான் அன்று பேனாவைக் கீழே வைத்திருப்பேன். காப்பீட்டு ஆணையமும் செபியும் ரிசர்வ் வங்கியும் கலந்து பேசி, எல்லா விண்ணப்பப் படிவங்களிலும் அந்த வரியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும், கமிஷன் பெறுபவர் எவரும் ‘ஆலோசகர்’ என்ற பெயரைப் பயன்படுத்தாதபடி காப்பீட்டுக்கும் தடையை நீட்டிக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.