அது விளையாட்டுச் சாமான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் வலை பின்னிப் பிழைக்கிறவன் நான். மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு. சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவான்.

போன மாதம் வகுப்பில் அவன் கையில் இருந்த கயிற்றை டீச்சர் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். விளையாட்டுச் சாமான் கூடாதாம். மதியத்துக்குள் தன் கையையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான் பிள்ளை.

அந்தக் கயிறு நான் முடிந்தது. முதலில் பழைய வலையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். வலை நரம்பு விரலை அறுத்தது. பிறகு பருத்திக் கயிறு, ஒரு முழம், பதினொரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சாகக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே போவான். கடைசி முடிச்சு வந்ததும் திருப்பிப் பிடிப்பான். விரல் அதில் ஓடினால்தான் காது பாடத்துக்கு வரும்.

அவனை அமைதிப்படுத்த, மடியில் பாரமாக வைக்க ஒரு கன மெத்தையும் உண்டு. பழைய கைலியை இரட்டையாக மடித்து, கட்டம் கட்டமாகத் தைத்தது என் வீட்டுக்காரி. அரிசி போட்டோம், வண்டு விழுந்தது. இப்போது கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை, ஒன்றரைக் கிலோ. பிள்ளை எடை 24 கிலோ. அதற்கு மேல் ஏற்றவில்லை. உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வைப்போம், தூக்கத்தில் இல்லை, முகத்துப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. அவனே தள்ளிவிட முடிய வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி, "வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு கிடக்கே, அதைப் போடுங்க மாமா" என்றான். கடற்கரைக்காரர்கள் யாரும் அதை மட்டும் செய்துவிடாதீர்கள். வாயில் வைக்கும் பிள்ளைக்கு ஈயம் விஷம்.

எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது சேலைத் தூளிதான். "வளர்ந்த பயலைத் தொட்டில்ல போடுறியே" என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். சேலை உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது, ஆட்டம் ஒரே சீராக இருக்கிறது, பத்து நிமிடத்தில் மூச்சு அடங்கிவிடும். தரையிலிருந்து ஒரு முழம்தான் உயரம், அடியில் மெத்தை, பக்கத்தில் யாராவது ஒருவர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய படகுகளுக்கு மராமத்து நடக்கும். கிரைண்டர் சத்தம் அவனுக்கு ஆகாது. படகு வேலை பார்ப்பவர்கள் மாட்டும் காது மூடி ஒன்று வாங்கினோம். எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கியது அது ஒன்றுதான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ப பள்ளி வசதி செய்துதர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நான் கேட்பது கட்டடமோ கருவியோ இல்லை. ஒரு முழக் கயிறு. இப்படிப் பிள்ளைகள் கையில் எதையாவது வைத்திருந்தால், பிடுங்குவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள் டீச்சர்மாரே.

புதுசாக ஒன்று முடிந்து கொடுத்திருக்கிறேன். அதைத் தொடமாட்டேன் என்கிறான். பழசு இன்னும் அந்த இழுப்பறையில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
தங்கச்சிமடம்.