கோயில் நிலக் குத்தகைதாரருக்கும் 6,000 ரூபாய் சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய அரசின் பிரதமர் கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு 2,000 வீதம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அற்பத் தொகை என்று ஒதுக்க முடியாது. டிஏபி உர மூட்டை 1,350 ரூபாய், யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு தவணைப் பணத்தில் ஒரு டிஏபியும் இரண்டு யூரியாவும் வாங்கலாம். ஓர் ஏக்கர் சம்பாவுக்கு அடியுரமும் மேலுரத்தில் பெரும்பகுதியும் ஆகிவிடும்.

ஆனால் பணம் பட்டாவைப் பார்த்து வருகிறது, பயிரைப் பார்த்து அல்ல. 1.2.2019 அன்று நிலப்பதிவேட்டில் பெயர் இருந்தவருக்குத்தான் உரிமை; அதற்குப் பிறகு கைமாறிய நிலத்தில் வாரிசு முறையில் வந்ததற்கு மட்டும் விலக்கு. குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் உழுபவர்களுக்கு இடமே இல்லை. நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலத்துக்கும் தொகை கிடையாது. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கோயில், மடத்து நிலங்களில் நடப்பதைப் பாருங்கள்: கோயிலுக்கும் பணம் வராது, உழுபவருக்கும் வராது. தனியார் நிலமென்றால் ஒரே வயலுக்கு இருவர் கேட்பார்களே என்று அரசு தயங்கலாம். கோயில் நிலத்தில் அந்தச் சிக்கலே இல்லை. அங்கே யாருமே வாங்காத தொகையைத்தான் கேட்கிறோம்.

இவர்கள் அரசுக்குத் தெரியாதவர்களும் அல்லர். எந்த வயலில் யார் என்ன பயிரிடுகிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் சாகுபடியாளர் பெயர் இருந்தால் பயிர்க் காப்பீட்டில் பிரீமியம் கட்டச் சொல்கிறார்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் கிராம நிர்வாக அலுவலர் சான்றைக் காட்டி, குத்தகைதாரர் தம் பெயரிலேயே நெல் போடுகிறார். உதவித்தொகை என்று வரும்போது மட்டும் அதே அடங்கல் செல்லாது என்பது நியாயமில்லை.

1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. பதிவு இருந்தால் உழுபவர் யார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனாலும் அந்தப் பதிவு கேட்டுப் போடும் மனுக்கள் திரும்பி வருகின்றன. பெரும்பாலும் காரணம் இதுதான்: குத்தகை ரசீது இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே ஓடுகிறது, பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பிரித்து உழுகிறார்கள். வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் கொடுத்து முதலில் கோயில் கணக்கில் பெயர் மாற்ற வேண்டும். அடுத்தது அளவு. ரசீதில் மா, குழி. அடங்கலில் ஹெக்டேர், ஏர் (நூறு சதுர மீட்டர்). மூன்று மா ஓர் ஏக்கர், அதாவது ஏறக்குறைய 40 ஏர். இதை மாற்றி எழுதி, சர்வே எண்ணோடு உட்பிரிவையும் சேர்க்காத மனு நிற்காது. குத்தகை பாக்கி இருந்தால் ரசீதே கிடைக்காது; பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதித்து ரசீது தர வேண்டும்.

பிற மாநிலங்களில் முன்மாதிரி உண்டு. ஒடிசா 2018 இறுதியில் அறிவித்த காலியா என்ற உழவர் உதவித் திட்டத்தில் நிலமற்றவர்களையும் வாரதாரர்களையும் சேர்த்தது. ஆந்திரா 2019இல் சட்டம் இயற்றி, 11 மாத ஒப்பந்தத்தின் பேரில் குத்தகைச் சாகுபடியாளருக்கு உரிமை அட்டை கொடுத்தது. அங்கே நில உரிமையாளர் கையெழுத்து கட்டாயமானதால் பலருக்கு அட்டை கைக்கு வரவில்லை. நிலம் போய்விடும் என்ற பயத்தில் உரிமையாளர்கள் கையெழுத்துப் போடவில்லை. கோயில் நிலத்தில் கையெழுத்திட வேண்டியவர் அறநிலையத் துறையின் செயல் அலுவலர். அவருக்கு அந்தப் பயம் இருக்க வேண்டியதில்லை. குத்தகைதாரர் பட்டியலும் அவர் மேசையிலேயே இருக்கிறது.

மத்திய அரசு விதியைத் திருத்தும் வரை மாநில அரசே இத்தொகையைத் தர வேண்டும். கோயில்வாரியான பட்டியலை அடங்கலோடு ஒப்பிட்டு, ஆடி முடிவதற்குள் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி ஆட்சேபம் கேட்கலாம். அப்படிச் செய்தால் இந்தச் சம்பாவின் அடியுரத்துக்கே முதல் தவணை போய்ச் சேரும்.

இப்படிக்கு,
வாசகர், மன்னார்குடி