முகம் ஒன்று, ஆள் மூன்று

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் குளோனிங் (ஓர் உயிரை அப்படியே நகலெடுப்பது) நாடகங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சில் எழுதி, 2002இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய ‘எ நம்பர்’ நாடகத்தை, அறிவியலுக்கு விடுத்த எச்சரிக்கை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அப்படிப் படவில்லை. அந்த மேடையில் ஆய்வுக்கூடமே கிடையாது. வருவது ஒரு அப்பனும் பிள்ளைகளும்தான்.

பெற்ற பிள்ளையைச் சரியாக வளர்க்காமல் கைவிட்டவன், அவனுடைய உயிரணுவிலிருந்தே இன்னொருவனை உண்டாக்கி வாங்கி, இந்தத் தடவையாவது ஒழுங்காக வளர்க்கப் பார்க்கிறான். அவனுக்குத் தெரியாமல் மருத்துவர்கள் மேலும் இருபது பேர் வரை உருவாக்கிவிடுகிறார்கள். மேடைக்கு வரும் மூன்று பிள்ளைகளையும் நடிப்பவர் ஒருவரே.

திருவிழாவில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவன் நான். வள்ளி திருமணத்தில் வேலன், வேடன், விருத்தன் என்று ராஜபார்ட் எந்த வேடம் கட்டி வந்தாலும் உள்ளே இருப்பது முருகன்தான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே அது தலைகீழ். மூன்றாமவன் கணக்கு வாத்தியார், பெண்டாட்டி பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறான். அப்பன் துருவித் துருவிக் கேட்டும், தான் தேடி வந்தவன் அவனிடம் அகப்படவில்லை.

நான் விலங்கியல் பாடம் எடுத்தவன். குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டுக்காக 277 கருமுட்டைகளில் முயன்றார்கள். 1996இல் உயிரோடு பிறந்தது அது ஒன்றுதான். மனிதரில் இந்தச் சேதத்தை யார் தாங்குவது? தடை போட அதுவே போதும். சரி, நாளைக்கு முதல் முயற்சியிலேயே பலித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்? கட்டுரை அங்கே போகவே இல்லை.

இரட்டைப் பிள்ளைகளில் பலர் இயற்கையே எடுத்த நகல்கள்தாம். அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. ஒருவனுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று மற்றவனைப் பெறவில்லையே.

நான் பிறப்பதற்கு முன்பே என் அண்ணன் அம்மையில் இறந்துபோனான். அவன் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். கத்தரிக்காயை ஒதுக்கினால், “அவன் ஆசையா சாப்பிடுவானே” என்பார் அம்மா. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு இன்றுவரை கத்தரிக்காய் இறங்குவதில்லை.

மதுரையில் யாராவது இந்த நாடகத்தைத் தமிழில் போட்டால் தகவல் போடுங்கள். பாயோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருமங்கலம்.