மாலை நேர டிஸ்பென்சரிகளின் நோய்க் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் வேலைக்குப் போகிற ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அவர் அரச ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் நிற்பதில்லை. வேலை முடிந்து ஆறு, ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருவில் தனியார் வைத்தியர் நடத்தும் டிஸ்பென்சரிக்குத்தான் போவார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதுதான் வழக்கம். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் இவர்களில் பலர் இடம்பெறுவதே இல்லை.

டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவற்றைச் சந்தேகம் வந்தவுடனேயே எச் 544 படிவத்தில் அறிவிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தனியார் வைத்தியருக்கும் இந்தக் கடமை உண்டு. படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும், பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு தேடி வருவார். இங்கே கெடுப்பது முகவரி. புறக்கோட்டைக் கடையில் வேலை செய்து அதன் மேல்மாடியிலேயே தங்கும் பையன், அடையாள அட்டையில் உள்ள ஹட்டன் முகவரியைத்தான் சொல்வான். பி.எச்.ஐ. ஹட்டனில் தேடுவார், நுளம்புக் குடம்பி உள்ள பீப்பாய் புறக்கோட்டையில் இருக்கும். "இந்த இரண்டு கிழமையும் எங்கே தங்கினீர்கள், பகலில் எங்கே வேலை?" என்று டிஸ்பென்சரி வைத்தியர்கள் கேட்டு எழுத வேண்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் வேலைத்தளமும் முக்கியம்.

தடிமன் காய்ச்சல், இழுப்பு (மூச்சிரைப்பு), சாதாரண வயிற்றோட்டம் எல்லாம் அந்தப் படிவத்துக்குள் வராதவை. அவற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும். இங்கிலாந்தில் மாலை 6.30க்குப் பிறகும் வார இறுதியிலும் வைத்தியரை நாடுவோரின் நோய்க்குறிகளைக் கிழமைதோறும் தொகுத்து வெளியிடுகிறார்கள், அதுவும் மொத்த நோயாளரில் எத்தனை வீதம் என்று. நமக்கும் அந்த முறையே பொருந்தும். போயா (பௌர்ணமி) விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் டிஸ்பென்சரியில் கூட்டம் இரட்டிக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நோய் பரவுவதாகத் தோன்றும். 60 பேரில் 12 பேருக்கு வாந்தி என்றால் 20 வீதம். அடுத்த கிழமை 90 பேரில் 15 பேர் என்றால் 17 வீதத்துக்கும் குறைவு. ஆனால் வீதமும் ஏமாற்றும்: இருமல்காரர் குவிந்தால் வயிற்றோட்டத்தின் வீதம் தானாகவே இறங்கிவிடும். ஆகவே இரண்டையும் எழுத வேண்டும்.

இதற்கு ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு) போதும். காய்ச்சல் மட்டும், காய்ச்சலோடு இருமல், இழுப்பு, வாந்தி-வயிற்றோட்டம், காய்ச்சலோடு தோல் தடிப்பு, மற்றவை என ஆறு நிரல். பக்கத்தில் வயதும் தெருவும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் மட்டும் வயிற்றோட்டம் கூடுவது ஒன்று. ஒரே தெருவில் எல்லா வயதினருக்கும் வருவது வேறு. அப்போது குழாய்த் தண்ணீரை உடனே பரிசோதிக்க வேண்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு திரும்பி வருபவரை மறுபடி எண்ணக் கூடாது. முதல் வருகை மட்டுமே கணக்கு. பெயரோ தொலைபேசி இலக்கமோ தேவையில்லை.

அரச கணக்கோடு ஒப்பிட, கிழமையைச் சனி முதல் வெள்ளி வரை எடுக்க வேண்டும். கொழும்பு மாநகர சபையின் சுகாதாரத் திணைக்களம் இந்தப் பக்கங்களைச் சனிக்கிழமைகளில் சேகரித்து, பகுதிவாரியாகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட முன்வர வேண்டும்.

பொதுச் சுகாதார ஊழியர்கள் சிலர்,
கொழும்பு 13