எந்த எடை? சுங்க வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற சுங்கத் தரகன் நான். என் பார்ட்டிகள் பெரும்பாலும் சிறு வியாபாரிகள். சீசனுக்கு ஒன்றோ இரண்டோ கன்டெய்னர் டி-சர்ட், ஹூடி, பெண்கள் டாப்ஸ் என்று இறக்குபவர்கள். அந்தச் சரக்கை வரி அட்டவணையின் எந்தத் தலைப்பில் (எண்ணில்) போடுவது என்று பார்த்து இறக்குமதி பில் தாக்கல் செய்வது என் வேலை. 2011 முதல் சுயமதிப்பீடு, அதாவது வரியை நாங்களே கணக்கிட்டுச் சொல்வது என்பதால், தப்பாகப் போட்டால் பழி எங்கள் தலையில்தான். அதில் குறையில்லை. கலப்புத் துணியில் எந்த எடையை வைத்துச் சரி, தப்பு பார்க்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கலப்புத் துணிக்கான விதி தங்களுக்குத் தெரியாததல்ல. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுங்கக் கட்டண அட்டவணையின் 11-ஆம் பிரிவு, 2-ஆம் குறிப்பு: எந்த இழை எடையில் மிகுதியோ, முழு ஆடையும் அந்த இழையால் ஆனதாகவே கொள்ளப்படும். சரிபாதி என்றால், வரிசை எண்ணில் கடைசியாக வருவது வெல்லும். பருத்தி 52-ஆம் அத்தியாயம், பாலியஸ்டர் ஸ்டேபிள் ஃபைபர் (வெட்டிய குட்டை இழை) 55. ஆகவே 50-க்கு 50 டி-சர்ட் பருத்திக்கான 6109 10 அல்ல, மற்ற இழைகளுக்கான 6109 90.

இன்னொரு பொறியும் உண்டு. பருத்தி 40, பாலியஸ்டர் 35, விஸ்கோஸ் 25 என்று லேபிள் சொன்னால், கண்ணுக்குப் பருத்திதான் முதலில் நிற்கும். ஆனால் குறிப்பு முதலில் அத்தியாயத்தைத் தேடச் சொல்கிறது. பாலியஸ்டரும் விஸ்கோஸும் ஒரே 55-ஆம் அத்தியாயம், சேர்ந்து 60, பருத்தி தோற்றது. வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் இதில் ஒரு முறையாவது வழுக்கி விழுவார்கள். நானும் விழுந்தவன்தான்.

இந்தக் கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. என் கேள்வி 'எடை' என்ற ஒரே சொல்லைப் பற்றியது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு துறைமுகத்தில் என் பார்ட்டி ஒருவரின் சரக்கு வந்தது. சப்ளையர் தந்த லேப் ரிப்போர்ட்டில் பருத்தி 51, பாலியஸ்டர் 49. பருத்தி என்று பில் போட்டேன். சாம்பிள் எடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்ததில் பருத்தி 49, பாலியஸ்டர் 51. தலைப்பு மாறியது, தவறான அறிவிப்பு என்ற பேச்சு எழுந்தது, டெமரேஜ் (சரக்கு தேங்கிக் கிடப்பதற்கான கட்டணம்) நாளுக்கு நாள் ஏறியது. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் புரிந்தது: இரண்டு லேபும் பொய் சொல்லவில்லை.

துணியைக் காயவைத்து நிறுத்து, 75 சதவீதக் கந்தக அமிலத்தில் போடுவார்கள். பருத்தி கரைந்துபோகும், பாலியஸ்டர் மிஞ்சும். மிஞ்சியதை நிறுத்தால் பங்கு தெரிந்துவிடும். இது காய்ந்த எடை. ஆனால் பருத்தி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். பாலியஸ்டர் அவ்வளவாகக் குடிக்காது. அதனால் பருத்திக்கு 8.5 சதவீதமும் பாலியஸ்டருக்கு 0.4 சதவீதமும் ஈரம் சேர்த்துக் கணக்கிடும் வழக்கம் வணிகத்தில் உண்டு. போட்டுப் பாருங்கள்: 49-ஐ 1.085-ஆலும் 51-ஐ 1.004-ஆலும் பெருக்கினால் 53.2-க்கு 51.2. அதே பீஸ் ஒரு கணக்கில் செயற்கை இழை, இன்னொன்றில் பருத்தி. இழைப் பங்கைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 1833 இரண்டு கணக்குக்கும் இடம் தருகிறது. 2-ஆம் குறிப்போ 'எடை' என்பதோடு நின்றுவிடுகிறது.

ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். நம் அட்டவணையில் சில ஆடைகளுக்குச் சதவீத வரியோ பீஸுக்கு இத்தனை ரூபாயோ, எது அதிகமோ அது. அந்த ரூபாய் இழைக்கு இழை மாறும். மலிவுச் சரக்கில்தான் அது கடிக்கும். இதையே மறுபக்கத்திலிருந்து, ஏற்றுமதியாளராக, பார்க்கிறவர்கள் திருப்பூர்க்காரர்கள். அமெரிக்காவில் பருத்தி டி-சர்ட்டுக்கு அடிப்படை வரி 16.5 சதவீதம், செயற்கை இழைக்கு 32. 60-க்கு 40 சிவிசி (பருத்தி மிகுந்த கலப்பு) துணிக்கும் 50-க்கு 50-க்கும் என்ன வித்தியாசம் என்று திருப்பூரில் எந்த மெர்ச்சன்டைசரைக் கேட்டாலும் சொல்வார்.

2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமில்லா மதிப்பீடு இதை இன்னும் இறுக்கிவிட்டது. எங்கள் பில்லைப் பார்க்கிற அதிகாரி வேறு ஊரில் இருக்கிறார். துணியைத் தொட்டுப் பார்க்க அவருக்கு வழியில்லை. திரையில் வரும் ரிப்போர்ட்தான் அவருக்குத் துணி. சரக்கு வரும் முன்பே எந்தத் தலைப்பு என்று முன்தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். அதைத் தரும் ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. தீர்ப்புக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். தீபாவளிச் சரக்குக்குப் பொங்கலில் தீர்ப்பு வந்து என்ன செய்ய?

 

நான் கேட்பது ஒரு சுற்றறிக்கை. காய்ந்த எடையா, ஈரம் சேர்த்த எடையா என்று அதில் ஒரு வரி. எதைச் சொன்னாலும் சம்மதம். எல்லாத் துறைமுகத்துக்கும் எல்லா லேபுக்கும் அது ஒன்றாக இருக்கட்டும். பருத்தி 45-க்கும் 55-க்கும் நடுவே விழுகிற சரக்கை, சுங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீட்டில், பாண்ட் (உறுதிப் பத்திரம்) வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். சோதனை அதன்பின் நிதானமாக நடக்கட்டும். வித்தியாச வரி வந்தால் பார்ட்டி கட்டுவார். சப்ளையரின் ரிப்போர்ட்டை நம்பிப் போட்ட பில்லில் இரண்டு புள்ளி இடறினால் அதைத் தவறான அறிவிப்பு என்று எழுத வேண்டாம் என்பதையும் அதே சுற்றறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

எனக்கென்று தனிப் பதில் வேண்டாம். அந்த இரண்டு ரிப்போர்ட்டும் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. கேட்டால் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சுங்கத் தரகர், சென்னை