அடித்து எழுதிய கணக்குகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

பெற்றோர்களுக்கும், உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கும், என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பொதுத் தேர்வில் கணக்குப் பரீட்சை நல்லபடியாக முடிந்தது. ரிசல்ட் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். மார்க் வந்த பிறகு எழுதினால், மார்க்கைப் பார்த்து நன்றி சொன்னது போல் ஆகிவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பிள்ளைகள் வந்த முதல் நாள் நான் கேட்டது ஒன்றுதான். தப்பாகப் போட்ட கணக்கை அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, எந்த வரியில் தப்பு வந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். வெறும் விடையை வைத்துக்கொண்டு பிள்ளை எங்கே தடுமாறியது என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது.

நோட்டு இப்படி அடித்தலும் திருத்தலுமாக இருக்கிறதே என்று முதல் கூட்டத்தில் சில அம்மாக்கள் வருத்தப்பட்டீர்கள். விளக்கியதும் என்னை நம்பினீர்கள். "இன்னைக்கு எந்தக் கணக்கு தப்பாச்சு?" என்று வீட்டில் திட்டாமல் கேட்கத் தொடங்கினீர்கள். முதல் நன்றி அதற்குத்தான்.

அப்புறம், டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கும் அந்த அப்பாவுக்கு. (ஏ + பி)² என்றால் ஏ² + 2ஏபி + பி². நடுவில் வரும் 2ஏபி-யை விட்டுவிட்டு, ஏ² + பி² என்று பாதி வகுப்பு எழுதிக்கொண்டிருந்தது. போர்டில் எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் மறுநாள் அதே தப்பு. அவர் மீந்த டைல்ஸை 25 சதுரத் துண்டுகளாக ஒரே அளவில் வெட்டி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். தரையில் 5-க்கு 5 ஆக அடுக்கினோம். ஒரு மூலையில் 3-க்கு 3, எதிர் மூலையில் 2-க்கு 2 மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுக்கச் சொன்னேன். தரையில் 9-உம் 4-உம், 13 துண்டு. மீதி 12-ஐயும் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி ஆறு ஆறாகப் பிரித்து, காலியாக இருந்த இரண்டு இடத்திலும் திரும்ப வைத்தாள். "டீச்சர், இங்க மூணு ரெண்டு ஆறு, அங்கயும் மூணு ரெண்டு ஆறு. இதான் டூ ஏபியா?" என்றாள். அதுவரை அவள் என் வகுப்பில் கேள்வி கேட்டதே இல்லை.

எங்கள் தமிழம்மாவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். "ஓர் எண்ணின் மூன்று மடங்கை விட 5 குறைவு" என்பதை 3எக்ஸ் − 5 என்று எழுதாமல் 5 − 3எக்ஸ் என்று பிள்ளைகள் எழுதியபோது, அது கணக்குத் தப்பு இல்லை, வாசிப்புத் தப்பு என்று கண்டு சொன்னவர் அவர்தான். வாக்கியக் கணக்குகளைத் தன் பாடவேளையில் வாய்விட்டு வாசிக்க வைத்தார்.

பாஸ் மார்க் 35. வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்த 16-ஐ வைத்தே மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் கரையேற்றிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பயிற்சியை நானும் கொடுத்தேன். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஹெச்.எம். ஒருநாளும் சொல்லவில்லை. தேற்றங்களை ஏன், எதற்கு என்று கேட்டு நடத்த எனக்கு நேரம் கிடைத்தது அவரால்தான்.

பிள்ளைகளே, ரஃப் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் தடுமாறினால் எடுத்துப் பாருங்கள். டைல்ஸ் சாக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் பத்திரமாக இருக்கிறது. ஜூனில் அடுத்த ஒன்பதாம் வகுப்புக்கு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்