பொது ஹெடரைப் பாக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு கல்லடியில இருந்து ஒரு மடல்

தம்பி தங்கச்சிமாரே,

நம்மட குறூப்பில எல்லாரும் எடுத்துப் பாவிக்கிற சி ஹெடர்ல (பல ஃபைலுக்குள்ளயும் இழுத்துப் போடுற பொதுக் கோட் ஃபைல்), ஒரு எண்ணுக்குள்ள எத்தினை பிட் 1 எண்டு எண்ணுற ஃபங்ஷனுக்கு போன கிழமை 'ஆல்வேஸ் இன்லைன்' போட்டிருக்கீங்க, அதாவது கூப்பிடுற இடத்திலெல்லாம் ஃபங்ஷன்ட கோடையே கொப்பி பண்ணி வைக்கச் சொல்லி, வேகமா ஓடுமாம். எழுதினவர்ட லேப்டொப்ல சரிதான். இன்டெல்ல 2008ல வந்த நெஹேலம் சிப்ல இருந்தே பிட் எண்ணுறதுக்கு பொப்கவுண்ட் எண்டு தனி இன்ஸ்ட்ரக்சன் கிடக்கு, அந்த ஒண்டுக்காக ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் திரும்பி வாறது பிளேன்டீ குடிக்க கல்முனைக்குப் போற கதை. (அதுவும் எம்-பொப்கவுண்ட் ஒப்ஷன் குடுத்தாத்தான், இல்லாட்டி ஜிசிசி கம்பைலர் பழைய சிப்புகளையும் நினைச்சு தன்ட லைப்ரரி லிப்ஜிசிசியில கிடக்கிற ஃபங்ஷனைத்தான் கூப்பிடும், எத்தினை பேர் பாத்தீங்க?)

என்ட கையில கிடக்கிறது ஏடிடைனி85 எண்ட சின்ன ஏவிஆர் சிப். புரோகிராம் வைக்க 8 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ராம். மாமாட வயல் வாய்க்கால்ல எட்டு மிதவை சுவிட்ச், எத்தினை எழும்பியிருக்கு எண்டு எண்ணினா தண்ணி மட்டம் வந்திரும், பரிட்டி (1 பிட்டுகள் ஒற்றையா இரட்டையா எண்டு) பாக்கவும் அதே ஃபங்ஷன்தான். உங்கட ஃபங்ஷன் 32 பிட்டுக்கு, இது 8 பிட் சிப், ஒரு கூட்டலுக்கே நாலு இன்ஸ்ட்ரக்சன், ஒவ்வொண்டும் 2 பைட். குறைச்சு 100 பைட் எண்டே வைங்க, இருபது இடத்தில இன்லைனானா 2000 பைட், ஃபிளாஷ்ல கிட்டத்தட்ட கால்வாசி! கூப்பிட்டா ஆர்கோல் எண்ட கூப்பிடுற இன்ஸ்ட்ரக்சன் ஒண்டு 2 பைட், இருபதுக்கும் 40, மறுகா ஃபங்ஷன் 100, ஆர்கியூமெண்ட் ஏத்துறதுக்கு இன்னும் கொஞ்சம்.

எண்ணாம விடையைப் பாத்து எடுக்க 256 பைட் டேபிள் போடுவம் எண்டு ஒராள் சொன்னார். ஐயோ, ஃபிளாஷ்லயே வைக்கச் சொல்ற புரோக்மெம் போடாட்டி அது ராமுக்க ஏறும், வெறும் கொன்ஸ்ட் போட்டா ஏவிஆர்ல தப்பேலா, பாதி ராம் போயிரும்.

ஒண்டு ஒத்துக்கொள்றன். இன்டரப்டுக்குள்ள (ஓடுற வேலையை இடையில நிப்பாட்டி ஓடுற கோட்) வெளி ஃபங்ஷனைக் கூப்பிட்டா கம்பைலர் பன்ரெண்டு ரெஜிஸ்டரை புஷ் பண்ணி (எடுத்து வைச்சு) மறுகா பொப் பண்ணும் (திருப்பி எடுக்கும்), அதுக்கே 48 சைக்கிள். அங்க இன்லைன்தான் நல்லம். அதுக்கு வேற பேர்ல ஒண்டு வைங்க, வேணுங்கிறவங்க அதை எடுக்கட்டும். மத்ததை ஒரு சி ஃபைலுக்குள்ள போடுங்க, ஹெடர்ல ஸ்டேட்டிக்கா விட்டா ஃபைலுக்கு ஒரு கொப்பி வரப் பாக்கும். 8 பிட்டுக்கும் தனியா ஒண்டு எழுதுங்க, எட்டு சுவிட்சுக்கு என்னத்துக்கு 32 பிட்?

மாத்திப்போட்டு, எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு காட்டுற ஏவிஆர்-சைஸ் ஓட்டி, முந்தின கணக்கு இப்பத்தைக் கணக்கு ரெண்டையும் போடுங்க. பழைய வேர்ஷன் என்ட சிப்புக்க ஏறுது, புதுசு ஏறுதில்ல, மாரி மழை தொடங்க முதல் இதை வாய்க்கால்ல கட்டோணும்.